ஒரு டைக்கிரி போதும்: வீட்டில் காக்டெயில் கலக்கத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் காக்டெயில் கலக்கலாம் என்று ஆசைப்பட்டு முதல்முறையாகச் செய்முறை தேடுபவர் பெரும்பாலும் பட்டியலைப் பார்த்ததுமே நின்றுவிடுவார். டிரிபிள் செக் (ஆரஞ்சு மது), மராஸ்கீனோ (செர்ரி மது), பிட்டர்ஸ் (சொட்டுச் சொட்டாக விடும் கசப்புச் சாரம்) என்று அது நீண்டுகொண்டே போகும். நம் ஊர்க் கடைகளில் பாதி கிடைக்காது. கிடைப்பதும் விலை கையைக் கடிக்கும், அதில் ஒரு தடவைக்குச் செலவாவதோ 15 மில்லிதான்.

நான் சொல்லப்போகும் வழி வேறு. ஒரே ஒரு பானத்தை எடுத்துக்கொண்டு, அது கைக்குப் படியும்வரை செய்யுங்கள். அதில் ஒவ்வொரு சாமானும் எதற்காக இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டால், இல்லாததற்குப் பதில் எதைப் போடலாம் என்பதும் புரிந்துவிடும். சாம்பார் வைக்கத் தெரிந்தவர் புளி தீர்ந்த நாளில் தக்காளியைக் கூட்டிப் போடுகிறார் அல்லவா, அதே அறிவுதான்.

அந்த ஒரு பானம் டைக்கிரி. ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, அவ்வளவே. கியூபாவில் சாந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் டைக்கிரி என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரை ஒட்டி அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் இதை முதலில் கலந்தார் என்பார்கள். கரும்பும் எலுமிச்சையும் விளைகிற தீவில் ஜனங்கள் அதற்கு முன்பே இவற்றைச் சேர்த்துக் குடித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கரும்பும் எலுமிச்சை வகைகளும் ஆசியாவிலிருந்து போனவை. 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கரீபியனுக்குக் கொண்டுபோனார். அதனால் நம் வீட்டுச் சாமான்கள் இந்தப் பானத்துக்கு அந்நியமே இல்லை.

பாத்திரங்கள்

காக்டெயில் குலுக்குவதற்கென்று விற்கும் ஷேக்கர் வாங்க வேண்டாம். அகன்ற வாயுள்ள எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும், அதுதான் நம் ஷேக்கர். சூடு தாங்கும் இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க் வேண்டாம், ஒற்றைத் தகடாக இருக்கட்டும். உள்ளே எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வெளியே பிடித்திருக்கும் கைதான் சொல்ல வேண்டும். ஊறுகாய் போட்ட பாட்டிலைத் தொடாதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் மூடியின் வாசனை போகாது.

அளக்க, இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியை நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். 5, 10 மில்லி என்று கோடு போட்டிருக்கும். ரம்முக்கு 60 மில்லி பெக் அளவு. வடிகட்ட டீ வடிகட்டி.

அளவு மட்டும் கண்ணால் வேண்டாம். சமையலில் கைப்பக்குவம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குழம்பில் ஐந்து மில்லி புளித்தண்ணீர் கூடினால் தெரியாது. நூறு மில்லிப் பானத்தில் ஐந்து மில்லி எலுமிச்சை கூடினால் முகம் சுளித்துவிடும்.

ஐஸ், பாகு, எலுமிச்சை

பலரும் அலட்சியமாக விடுவது ஐஸை. குலுக்கும்போது ஐஸ் பானத்தைக் குளிரவைப்பதோடு உருகித் தண்ணீரும் சேர்க்கிறது. நூறு மில்லிக் கலவையில் கிட்டத்தட்ட 40 மில்லி தண்ணீர் இப்படித்தான் வந்து சேர்கிறது. அந்தத் தண்ணீரும் செய்முறையில் ஒரு சாமான்தான். அது இல்லாவிட்டால் ரம் தொண்டையை எரிக்கும். எனவே நல்ல குடிநீரில், பெரிய கட்டிகளாக ஐஸ் போட்டு வையுங்கள். குலுக்கும் நிமிடத்தில்தான் ஃப்ரீசரிலிருந்து எடுக்க வேண்டும். நம் வெயிலில் தட்டில் எடுத்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் பாதி கரைந்து, பானம் நீர்த்துப்போகும். மீன் கடைக்கும் கரும்புச்சாற்று வண்டிக்கும் போகிற கட்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று நமக்குத் தெரியாது, அது வேண்டாம்.

அடுத்தது சர்க்கரைப் பாகு. சர்க்கரையை நேராகப் போட்டால் குளிர்ந்த சாராயத்தில் கரையாமல் அடியில் தங்கும். 200 கிராம் சர்க்கரைக்கு 200 மில்லி தண்ணீர், சர்க்கரை கரையும்வரை சூடாக்கினால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வாரம் இருக்கும். சிலர் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் வைப்பார்கள், அது இன்னும் நாள் தாங்கும். ஆனால் அதில் இனிப்பு அடர்த்தி. ஒரு பங்குக்கு ஒரு பங்கு வைத்த பாகு 20 மில்லி போடுகிற இடத்தில் இது 14 மில்லி போதும். எங்கேயாவது செய்முறை படித்தால் எந்தப் பாகைச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நிறையப் பேருக்குப் பானம் திகட்டிப்போவதற்குக் காரணம் இதுதான்.

எலுமிச்சையை அன்றன்றைக்கே பிழியுங்கள். நேற்றுப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்த சாறு கசக்கத் தொடங்கியிருக்கும். பாட்டிலில் விற்கும் சாற்றில் பழத்தின் மணமே இருக்காது. நம் நாட்டு எலுமிச்சை அளவில் சின்னது, தோல் மெல்லியது, நல்ல புளிப்பு, மணமும் உண்டு. டைக்கிரிக்கு இதைவிடப் பொருத்தமான பழம் வேண்டியதில்லை.

கலக்குவது

சரி, இப்போது செய்யலாம்.

1. குடிக்கப்போகும் கண்ணாடித் தம்ளரை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.
2. ஷேக்கரில் முதலில் எலுமிச்சைச் சாறு 20 மில்லி. அதை வடிகட்டி ஊற்றுங்கள், விதை ஒன்றுகூடப் போகக் கூடாது.
3. பாகு 20 மில்லி.
4. கடைசியாக வெள்ளை ரம் 60 மில்லி. விலை குறைந்தது முதலில், விலை கூடியது கடைசியில். பாதியில் அளவு தவறினால் எலுமிச்சையும் சர்க்கரையும்தான் வீணாகும்.
5. ஐஸ் போடுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் தூக்கலாக இனிக்க வேண்டும். குளிர்ச்சி இனிப்பை அமுக்கும் என்பதால், இப்போது சரியாக இருந்தால் குளிர்ந்தபின் புளிக்கும்.
6. ஷேக்கரில் முக்கால்வாசிக்கு ஐஸ் போட்டு மூடி, 12 விநாடி பலமாகக் குலுக்குங்கள். தாலாட்டுவதுபோல் ஆட்டினால் அந்த நேரத்துக்குள் பானம் போதுமான அளவு குளிராது. வெளித் தகட்டில் பனி படர்ந்து கை வலிக்கத் தொடங்கினால் போதும்.
7. டீ வடிகட்டி வழியாகக் குளிர்ந்த தம்ளரில் ஊற்றி உடனே குடியுங்கள்.

வெள்ளை ரம் என்றால் பக்கார்டி நம் ஊரில் பல இடங்களிலும் கிடைக்கிறது. அந்த நிறுவனமே 1862இல் சாந்தியாகோவில்தான் தொடங்கியது, பொருத்தமாகத்தான் இருக்கிறது. எதை வாங்கினாலும் சீல் உடையாத, அரசு அனுமதி பெற்ற பாட்டிலாக இருக்கட்டும். மலிவு என்று யாரோ கேனில் கொண்டுவந்து தருவதை வாங்கவே வாங்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலை மணத்தாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது.

முதல் தம்ளர் ஒத்துவராவிட்டால்

புளித்தால் பாகு 5 மில்லி, திகட்டினால் எலுமிச்சை 5 மில்லி. எரித்தால் இன்னும் ஐந்து விநாடி குலுக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ருசி சப்பென்று இருந்தால் உப்பு ஒரு துளி. 20 கிராம் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்துச் சிறு சீசாவில் வைத்துக்கொண்டு, அதில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். உப்பு தெரியாது, எலுமிச்சை மணம் எழும்பி வரும். எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரம்மையும் பாகையும் பழத்தையும் ஒரே நாளில் மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

இனிப்பை மாற்றுவது

இங்கேதான் நம் சமையலறை வளமானது. வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், நன்னாரி எல்லாமே பாகாகும், ஒவ்வொன்றும் பானத்தை ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

எனக்குப் பிடித்தது கருப்பட்டி. 200 கிராமைத் தட்டிப் போட்டு 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஓர் இரவு தெளியவிட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் அடியில் மண்டி தங்கும். முதல்முறை நான் இந்த வேலையைச் செய்யாமல் ஊற்றினேன். பானம் கலங்கலாக, பல்லில் நறநறவென்று இருந்தது. கருப்பட்டியின் புகை மணம் வெள்ளை ரம்மை மூழ்கடித்துவிடும். அதற்கு ஓல்டு மாங்க் மாதிரிக் கறுத்த ரம்தான் ஜோடி. எலுமிச்சையும் 20க்குப் பதில் 25 வேண்டும், இல்லாவிட்டால் பானகம்போல் ஆகிவிடும். பானகத்தில் போடுகிற சுக்கும் ஏலக்காயும் இதற்கும் பொருந்தும், பாகு காய்ச்சும்போதே தட்டிப் போட்டுவிடலாம்.

தேன் என்றால் இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு வெந்நீர். நேராக ஊற்றினால் ஐஸில் பட்டு உறைந்து ஒட்டிக்கொள்ளும். தேனும் எலுமிச்சையும் கரும்புச் சாராயமும் சேர்ந்த கான்சான்சாரா என்ற பானம் கியூபாவிலேயே இருக்கிறது. ரம்முக்குப் பதில் ஜின் ஊற்றினால் பீஸ் நீஸ்.

கடையில் வாங்கும் நன்னாரி சர்பத் மிகவும் இனிப்பு, சிலவற்றில் புளிப்பும் சேர்த்திருப்பார்கள். 15 மில்லியில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். வெள்ளை ரம், நன்னாரி, எலுமிச்சை, மேலே சோடா. மதுரை வெயிலில் நன்னாரி சர்பத் குடித்தவருக்கு இது பழகிய ருசிதான்.

புளிப்பை மாற்றுவது

இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு அமிலம். சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் எலுமிச்சைக்குப் பதில் சாத்துக்குடியை அப்படியே ஊற்றினால் வெறும் தித்திப்புத்தான் மிஞ்சும். ஒரு வழி இருக்கிறது. 100 மில்லி சாத்துக்குடிச் சாற்றில் 5 கிராம் சிட்ரிக் ஆசிட் கரையுங்கள், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். மளிகைக் கடையில் கேட்டால் தருவார்கள். இப்போது அதை எலுமிச்சை போலவே 20 மில்லி அளந்து ஊற்றலாம். சாத்துக்குடியின் மணமும் எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்து வரும். பிழிந்ததும் பயன்படுத்திவிடுங்கள், இந்தச் சாறு சீக்கிரம் கசக்கும்.

எல் ஃப்ளோரிடிடா என்ற ஹவானா மதுக்கடையில் கான்ஸ்டன்டீனோ ரிபாலைகுவா டைக்கிரியை வகைவகையாக மாற்றிச் செய்து புகழ்பெற்றார். அவற்றில் ஒன்றில் கிரேப்ஃப்ரூட் சாறும் மராஸ்கீனோவும் சேரும். நம் ஊரில் கிரேப்ஃப்ரூட் அபூர்வம், ஆனால் பம்பளிமாஸ் உண்டு. பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கரீபியனில் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். பிள்ளை இல்லாத இடத்தில் தாயை அழைக்கலாம். வெள்ளை ரம் 60, எலுமிச்சை 20, பம்பளிமாஸ் சாறு 30, பாகு 10. பம்பளிமாஸில் கசப்பு குறைவு. தோலுக்கு உள்பக்கமிருக்கும் வெள்ளைச் சதையில் விரல் நகம் அளவு துண்டைச் சேர்த்துக் குலுக்கினால் அந்தக் கசப்பும் வந்துவிடும். மராஸ்கீனோ இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

புளியும் நன்றாக வரும். 20 கிராம் புளியை 60 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, 25 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த ரம்மோடும் மெக்சிகோச் சரக்கான டெக்கீலாவோடும் சேரும், வெள்ளை ரம்மோடு சேராது. தம்ளர் விளிம்பில் எலுமிச்சை தடவி, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் ஒற்றி எடுங்கள். கிளிமூக்கு மாங்காயைத் துருவிப் பிழிந்த சாறும் இப்படித்தான். நெல்லிக்காயை நான் விட்டுவிட்டேன், துவர்ப்பு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

சரக்கை மாற்றுவது

அதே 60, 20, 20 அளவில் ரம்மை எடுத்துவிட்டு விஸ்கி ஊற்றினால் விஸ்கி சவர். ஜின் ஊற்றினால் ஜின் சவர். இலங்கையில் இருப்பவர்களுக்குத் தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் அராக் இருக்கிறது; இந்த அளவுக்கு அது அருமையாகப் பொருந்தும். ஆனால் லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். இந்தியப் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 இருக்கும், அராக் பலவற்றில் அதைவிடக் குறைவு. குறைந்தால் பானம் தளர்ந்து தெரியும். பாகையும் எலுமிச்சையையும் இரண்டிரண்டு மில்லி குறையுங்கள்.

தமிழ்நாட்டில் பிராந்திதான் பல வீடுகளில் இருக்கும் பாட்டில். நம் ஊர் மலிவு விலை பிராந்தியிலும் விஸ்கியிலும் அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் கரும்பு மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்தான், அதாவது ரம்முக்கு ஒன்றுவிட்ட உறவு. மேலே நிறமும் மணமும் சேர்ப்பதால் சிலவற்றில் தித்திப்பு இருக்கும். ஆகவே பாகை 15இல் தொடங்குங்கள்.

டெக்கீலாவில் செய்யும் மார்கரிட்டாவிலும் பிராந்தியில் செய்யும் சைட்காரிலும் டிரிபிள் செக் கேட்பார்கள். அது ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மது. அதற்குப் பதில் நான்கு ஆரஞ்சின் தோலை வெள்ளைச் சதை வராமல் சீவி, 100 கிராம் சர்க்கரையில் பிசறி ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் தோலிலிருந்த எண்ணெயெல்லாம் சர்க்கரையில் இறங்கி, அறையே மணக்கும். 100 மில்லி வெந்நீர் விட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். இதில் மது இல்லாததால், 50 மில்லி கேட்கும் இடத்தில் டெக்கீலாவையோ பிராந்தியையோ 60 ஆக்குங்கள். இந்தப் பாகு 20, எலுமிச்சை 20.

நுரையும் சோடாவும்

விஸ்கி சவரின் மேல் வெல்வெட்போல் நிற்கும் நுரை முட்டை வெள்ளைக்கருவால் வருவது. பச்சை முட்டை வேண்டாதவர்கள் வெள்ளைக் கொண்டைக்கடலையை உப்புப் போடாமல் வேகவைத்த தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். விரலில் கொழகொழவென்று ஒட்டும்வரை அதைச் சுண்டக்காய்ச்சி ஆறவையுங்கள். ஒரு பானத்துக்கு 20 மில்லி. முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி, பிறகு ஐஸோடு 12 விநாடி குலுக்குங்கள். கடலை வாசனை எலுமிச்சையில் அடங்கிவிடும்.

சோடாவை ஒருபோதும் ஷேக்கருக்குள் ஊற்றிக் குலுக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் அப்படிச் செய்து, மூடி தெறித்து விரலில் காயம் பட்டது. மற்றதைக் குலுக்கி, ஐஸ் நிறைந்த உயரத் தம்ளரில் வடிகட்டி, மேலே சோடா ஊற்றுவதுதான் முறை. கோலி சோடாவும் நன்றாக இருக்கும். பன்னீர் சோடா ஊற்றினால் அதிலேயே இனிப்பு இருப்பதால் பாகைப் பாதியாக்குங்கள். மொஹீட்டோவுக்குப் புதினாவை இடிக்க வேண்டாம். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் மணம் வரும், இடித்தால் பச்சைக் கசப்பு வரும்.

வீட்டுக்கு ஆட்கள் வரும்போது

ஆறு பேருக்கு ரம் 360, எலுமிச்சை 120, பாகு 120 மில்லி. தனித்தனியாகக் குலுக்க நேரமிருக்காது. ஆகவே குடிநீர் 120 மில்லியும் சேர்த்து, மதியமே ஜாடியில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மாலையில் ஐஸ் மேல் ஊற்றிக் கொடுங்கள். மீதித் தண்ணீர் ஐஸிலிருந்து வந்துவிடும்.

குடிக்காதவர்களுக்கு வெறும் எலுமிச்சை ஜூஸைக் கொடுத்து ஒதுக்க வேண்டாம். கெட்டியான தேயிலை டிகாக்ஷனை ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு ஆறவைத்து, ரம் இருந்த இடத்தில் 60 மில்லி ஊற்றி அதே மாதிரி குலுக்குங்கள். சாராயம் தரும் அந்தப் பிடிப்பைத் தேயிலையின் துவர்ப்பு ஓரளவு தந்துவிடும்.

குடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிவிடுங்கள். 42.8 சதவீத ரம் 60 மில்லியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. புளிப்பும் இனிப்பும் அதை மறைத்துவிடுவதால் மூன்றாவது தம்ளர் எப்போது உள்ளே போனது என்றே தெரியாது. வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகிறவருக்கு டிகாக்ஷன் தம்ளர்தான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கும் அதேதான்.

ஒவ்வொரு தம்ளரையும் குடித்து முடிப்பதற்குள் அளவையும் ருசியையும் ஒரு வரி எழுதி வையுங்கள், காலையில் நினைவிருக்காது. என் நோட்டில் கருப்பட்டி டைக்கிரிக்குக் கீழே ஒன்பது வரி அடித்துத் திருத்தியிருக்கிறது. கடைசியாக நின்றது இது: கறுத்த ரம் 60, எலுமிச்சை 25, சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிப் பாகு 18, உப்புத் தண்ணீர் மூன்று சொட்டு, 12 விநாடி.